தள்ளுபடியா, தள்ளிவைப்பா? வெய்வர், ரிலீஃப், மொரட்டோரியம், ரிபேட்... உங்க சுமையை உண்மையில் குறைக்கும் சொல் எது?

'யுவர் ரிக்வெஸ்ட் ஃபார் மொரட்டோரியம் ஹேஸ் பீன் அப்ரூவ்டு.' வங்கியிலிருந்து செல்போனுக்கு இப்படி ஒரு எஸ்.எம்.எஸ் வந்தால், 'அப்பாடா, கடன் தள்ளுபடி ஆயிடுச்சு' என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் அந்த வரியில் தள்ளுபடி என்ற பேச்சே இல்லை. தவணையைக் கொஞ்ச நாள் கழித்துக் கட்டலாம் என்பது மட்டும்தான் அதன் பொருள். அந்த நாட்களுக்கும் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இந்தச் சொற்களைச் சந்திக்காத குடும்பம் குறைவு. பஞ்சாலை வேலை, விசைத்தறி, கைத்தறி, தென்னை, மா, கறவை மாடு என்று பிழைப்பு எதுவானாலும் அதன் பின்னால் ஒரு கடனோ, வரியோ, மின் கட்டணமோ இருக்கும். அதைக் குறைப்பதாகச் சொல்லும் அறிவிப்புகள் பெரும்பாலும் ஆங்கிலச் சொற்களோடுதான் வருகின்றன. வெய்வர், ரிலீஃப், ரிபேட், சப்சிடி, எக்ஸெம்ப்ஷன், ரைட்-ஆஃப்... கேட்க எல்லாம் ஒன்று போல இருக்கும். கையில் மிஞ்சும் பணம் மட்டும் ஒன்றாக இருக்காது.

எந்தச் சொல் எந்தச் சுமையை, எவ்வளவு குறைக்கிறது? பார்க்கலாம்.

முதலில் மூன்று கேள்விகள்

சுமையைக் குறைக்கும் எந்தச் சொல்லைப் பார்த்தாலும் இந்த மூன்றைக் கேட்டுப் பாருங்கள்.

1. சுமை மொத்தமாக இறங்குகிறதா?
2. இப்போதைக்கு இறக்கி வைத்து, பிறகு மறுபடி தூக்க வேண்டுமா?
3. அந்தச் சுமையை வேறு யாராவது சுமக்கிறார்களா?

வெய்வர் முதல் வகை. மொரட்டோரியம் இரண்டாவது வகை. சப்சிடி மூன்றாவது வகை. பழைய சாலையோரங்களில் இன்றும் நிற்கும் சுமைதாங்கிக் கல்லை நினைத்துக்கொண்டால் மொரட்டோரியம் எளிதில் புரியும். தலைச்சுமையைக் கல்லின் மேல் வைத்து இளைப்பாறலாம். கிளம்பும்போது அதே சுமையைத் தூக்கித்தான் ஆகணும்.

தமிழில் ஒரே 'தள்ளுபடி', ஆங்கிலத்தில் ஐந்து

குழப்பம் தொடங்குவது நம்ம 'தள்ளுபடி'யில்தான். ஆடி மாத ஜவுளிக்கடை தள்ளுபடி ஆங்கிலத்தில் டிஸ்கவுன்ட். கைத்தறிச் சேலைக்கு அரசு உதவியோடு கிடைக்கும் தள்ளுபடி ரிபேட். கூட்டுறவு சங்கத்தில் கடன் தள்ளுபடி என்றால் வெய்வர். வங்கி தன் கணக்குப் புத்தகத்தில் செய்யும் 'கடன் தள்ளுபடி' ரைட்-ஆஃப். கோர்ட்டில் மனு தள்ளுபடி ஆனால் அது டிஸ்மிஸல்.

ஐந்துக்கும் தமிழில் ஒரே சொல். முதல் மூன்றில் உங்களுக்கு லாபம். நான்காவதில் உங்கள் சுமை அப்படியே இருக்கும். ஐந்தாவது, மனு போட்டவர் நீங்களாக இருந்தால் நஷ்டம்தான். அதனால் 'தள்ளுபடி' என்று செய்தி வந்தால், ஆங்கிலத்தில் என்ன சொல் போட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பது நல்லது.

வெய்வருக்கும் ரிலீஃபுக்கும் என்ன வித்தியாசம்?

'வெய்வ்' என்றால் தனக்குள்ள உரிமையை ஒருவர் தானாக விட்டுக்கொடுப்பது. கடன் கொடுத்தவர் 'இனி கேட்க மாட்டேன்' என்கிறார். 'ரிலீஃப்' அவ்வளவு தூரம் போகாது. பாரத்தில் ஒரு பகுதி குறைந்தாலும் அது ரிலீஃப்தான்.

இந்த இரண்டு சொல்லும் ஒரே திட்டத்தின் பெயரில் வந்த கதை உண்டு. 2008 பிப்ரவரி 29-ல் அன்றைய நிதியமைச்சர் ப.சிதம்பரம் பட்ஜெட்டில் அறிவித்த விவசாயக் கடன் திட்டத்தின் ஆங்கிலப் பெயரில் 'டெட் வெய்வர்', 'டெட் ரிலீஃப்' என இரண்டுமே இருந்தன. காரணம், விவசாயிகளை அந்தத் திட்டம் இரண்டாகப் பிரித்தது. 2 ஹெக்டேர் வரை, அதாவது சுமார் 5 ஏக்கர் வரை நிலம் உள்ள குறு, சிறு விவசாயிகளுக்கு வெய்வர். அதற்கு மேல் நிலம் உள்ளவர்களுக்கு ரிலீஃப்.

கணக்கு இப்படி: தகுதியுள்ள நிலுவை 1 லட்சம் ரூபாய் என்றால் சிறு விவசாயிக்கு மொத்தமும் போனது. மற்றவர் முதலில் 75,000 ரூபாயைக் கட்ட வேண்டும். கட்டினால்தான் மீதி 25,000 ரூபாய் குறையும். இன்னொரு நிபந்தனையும் இருந்தது. 2007 மார்ச் 31-க்குள் வாங்கி, அந்த ஆண்டு டிசம்பர் 31-ல் தவணை தவறி நின்ற கடனுக்கே சலுகை. ஒழுங்காகக் கட்டி முடித்தவருக்கு எதுவும் இல்லை.

தமிழ்நாட்டிலும் இதே பாடம்தான். 2021 பிப்ரவரி 5-ல் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி, 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவு பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தார். அறிவிப்பில் இரண்டு சொற்கள் முக்கியம்: 'கூட்டுறவு', 'பயிர்க்கடன்'. தேசிய வங்கியில் வாங்கிய கடன் அதில் வராது.

அதே ஆண்டு செப்டம்பரில் மு.க.ஸ்டாலின் அறிவித்த கூட்டுறவு நகைக்கடன் தள்ளுபடிக்கு வரம்பு 5 சவரன், அதாவது 40 கிராம். நிபந்தனைகளோடு ஒப்பிட்டு ஆய்வு செய்தபோது சுமார் 48 லட்சம் கடன்களில் 35 லட்சத்துக்கும் மேற்பட்டவை தகுதி பெறவில்லை. தலைப்பில் 'தள்ளுபடி' என்று இருந்தாலும், யாருக்கு என்பதை அரசாணைதான் முடிவு செய்யும்.

மொரட்டோரியம்: 6,152 ரூபாயில் குறைந்தது 152 ரூபாய்

தாமதம் என்று பொருள்படும் லத்தீன் வேரில் இருந்து வந்த சொல் மொரட்டோரியம். கொரோனா காலத்தில்தான் இது வீட்டுக்கு வீடு பழகியது. 2020 மார்ச் 27-ல் ரிசர்வ் வங்கி, மார்ச் 1 முதல் மே 31 வரை கட்ட வேண்டிய தவணைகளைத் தள்ளிவைக்க அனுமதி கொடுத்தது. பிறகு அது ஆகஸ்ட் 31 வரை நீட்டிக்கப்பட்டது. மொத்தம் 6 மாதம்.

தவணை நின்றது, வட்டி நிற்கவில்லை. 1 லட்சம் ரூபாய் நிலுவை, ஆண்டுக்கு 12 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். 6 மாதத்துக்குச் சாதாரண வட்டி 6,000 ரூபாய். மாதாமாதம் வட்டிக்கு வட்டி போட்டால் 6,152 ரூபாய்.

இந்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2020 அக்டோபரில் மத்திய அரசு, 2 கோடி ரூபாய் வரையிலான குறிப்பிட்ட வகைக் கடன்களுக்கு வட்டிக்கு வட்டியைத் தானே ஏற்பதாக அறிவித்தது. 2021 மார்ச் 23-ல் வந்த தீர்ப்பில், அந்த 6 மாதத்துக்கு யாரிடமும் வட்டிக்கு வட்டியோ அபராத வட்டியோ வாங்கக்கூடாது என்றது உச்ச நீதிமன்றம். முழு வட்டியையும் தள்ளுபடி செய்யக் கேட்டதை ஏற்கவில்லை.

மேலே சொன்ன உதாரணத்தில் இதன் பலன் 152 ரூபாய். மீதி 6,000 ரூபாய் கடன்காரர் தலையில்தான். சுமைதாங்கியில் வைத்த சுமை, தூக்கும்போது கொஞ்சம் கனத்துவிட்டது என்று சொல்லலாம். கையில் பணமே இல்லாத நேரத்தில் மொரட்டோரியம் பெரிய உதவி. கட்ட வசதி இருக்கும்போது அதை எடுத்தால் கூடுதல் செலவு.

ரைட்-ஆஃப், செட்டில்டு: ஏமாற வைக்கும் இரட்டையர்

'வங்கிகள் பல ஆயிரம் கோடியை ரைட்-ஆஃப் செய்தன' என்ற செய்தி வந்தால், கடன் வாங்கியவர் தப்பித்தார் என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். வராக்கடனுக்கு முழுதாக நிதி ஒதுக்கி, அதைக் கணக்குப் புத்தகத்தின் சொத்துப் பட்டியலில் இருந்து எடுப்பதுதான் ரைட்-ஆஃப். வாங்கியவர் கட்ட வேண்டிய பொறுப்பு மாறாது. வசூல் நடவடிக்கை தொடரும், வழக்கும் தொடரும்.

ஒன் டைம் செட்டில்மென்ட் வேறு. வங்கியும் கடன்காரரும் பேசி, நிலுவையை விடக் குறைந்த தொகைக்கு முடித்துக்கொள்வது. சுமை நிஜமாகவே குறையும். ஆனால் சிபில் அறிக்கையில் அந்தக் கடன் 'க்ளோஸ்டு' என்று வராமல் 'செட்டில்டு' என்று வரும். முழுதாகக் கட்டவில்லை என்பதன் அடையாளம் அது. அடுத்த கடன் கேட்கும்போது இடிக்கும்.

முழுக் கடனும் தீர்ந்தால் வரும் சொல் டிஸ்சார்ஜ். பத்திரத்தை வங்கியில் அடமானம் வைத்தவர்கள் இதைக் கட்டாயம் தெரிஞ்சுக்கணும். கடன் முழுதாகத் தீர்ந்த 30 நாளுக்குள் அசல் சொத்து ஆவணங்களை வங்கி திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதி இது.

சப்சிடி, சப்வென்ஷன், இன்சென்டிவ்: யார் பணம்?

சப்சிடி என்றால் மானியம். சுமை மறைவதில்லை, தோள் மாறுகிறது. ராஜபாளையம் அருகே சத்திரப்பட்டி வட்டாரத்தில் பேண்டேஜ், காஸ் துணி நெய்யும் விசைத்தறிகள் அதிகம். விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 750 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரத்தைத் தமிழக அரசு 2023-ல் 1,000 யூனிட்டாக உயர்த்தியது. கைத்தறிக்கு 200 யூனிட் 300 ஆனது. தறிக்காரர் கட்டாத அந்தப் பணத்தை மின் வாரியத்துக்குக் கொடுப்பது அரசு.

சப்வென்ஷன் என்ற சொல் வட்டிக்கு மட்டுமே அதிகம் வரும். கடன் இருக்கும், வட்டியில் ஒரு பங்கை அரசு ஏற்கும். கூட்டுறவு சங்கப் பயிர்க்கடனில் உரிய தேதிக்குள் கட்டும் விவசாயிக்கு வட்டியே இல்லாமல் போவது இப்படித்தான். தேதி தவறினால் அந்த உதவி கிடைக்காது.

இன்சென்டிவ் என்றால் ஊக்கத்தொகை. ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் நகராட்சிகள். அரையாண்டு தொடங்கிய 30 நாளுக்குள், அதாவது ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 31-க்குள்ளும் சொத்து வரி கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை குறையும். மனு கொடுக்க வேண்டியதில்லை, தேதியைப் பிடித்தால் போதும்.

'12 லட்சம் வரை வரி இல்லை': இது விலக்கா, ரிபேட்டா?

எக்ஸெம்ப்ஷன் என்றால் விலக்கு. அந்தத் தொகை வரிக் கணக்குக்குள்ளேயே வராது. ரிபேட் என்றால் வரியைக் கணக்குப் போட்டுப் பார்த்து, பிறகு கழிப்பது.

2025-26 நிதியாண்டுக்கான புதிய வருமான வரி முறையில் விலக்கு 4 லட்சம் ரூபாய் வரைதான். 4 முதல் 8 லட்சம் வரை 5 சதவீதம், 8 முதல் 12 லட்சம் வரை 10 சதவீதம் வரி உண்டு. 12 லட்சம் வருமானத்துக்கு வரி 20,000 + 40,000 = 60,000 ரூபாய். அந்த 60,000-ஐ ரிபேட்டாகக் கழிப்பதால்தான் வரி பூஜ்யம்.

வருமானம் 12 லட்சத்து 10 ஆயிரம் ஆனால் ரிபேட் போய்விடும். கணக்குப்படி வரி 61,500 ரூபாய். 10,000 ரூபாய் கூடுதலாகச் சம்பாதித்ததற்கு இவ்வளவு வரியா என்ற கேள்வி வருமில்லையா? அதற்காகவே 'மார்ஜினல் ரிலீஃப்' இருக்கிறது. வரம்பைத் தாண்டிய 10,000 ரூபாய்க்கு மேல் வரி போகாது. செஸ் மட்டும் தனி. நிலம், பங்கு விற்ற லாபம் போன்ற தனி விகித வருமானத்துக்கு இந்த ரிபேட் பொருந்தாது என்பதையும் கவனிக்கணும்.

ஜி.எஸ்.டி-யில் 'எக்ஸெம்ப்ட்', 'ஜீரோ ரேட்டட்' என்று இரண்டு சொல் உண்டு. இரண்டிலும் விற்பனைக்கு வரி இல்லை. எக்ஸெம்ப்ட் பொருளாக இருந்தால், வாங்கிய மூலப்பொருளுக்குக் கட்டிய வரியைத் திரும்பக் கேட்க முடியாது. ஏற்றுமதி ஜீரோ ரேட்டட். கட்டிய வரியைத் திரும்பப் பெறலாம். பேண்டேஜ் துணிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி 12 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமானது. இது ரிடக்‌ஷன். வரி குறைந்திருக்கிறது, விலக்கு கிடைக்கவில்லை.

நிவாரணம் வாங்கினால் இழப்பீடு போய்விடுமா?

பட்டாசு ஆலைகள் நிறைந்த விருதுநகர் மாவட்டத்தில் இந்தக் கேள்விக்கு உயிர் சம்பந்தப்பட்ட அர்த்தம் உண்டு. விபத்து நடந்ததும் அரசு அறிவிக்கும் தொகையை 'எக்ஸ் கிரேஷியா' என்பார்கள். கருணை அடிப்படையில் தருவது என்று பொருள். செய்திகளில் அது 'நிவாரணம்' என்று வரும்.

காம்பன்சேஷன், அதாவது இழப்பீடு, சட்டப்படி கிடைக்க வேண்டிய உரிமை. வேலையின்போது இறந்த தொழிலாளியின் வயது, ஊதியத்தை வைத்து அது கணக்கிடப்படும். அரசின் நிவாரணத்தை வாங்கியதாலேயே நிர்வாகத்திடம் இழப்பீடு கேட்கும் உரிமை போய்விடாது. ஆனால் 'ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட்' என்ற வரி உள்ள காகிதத்தில் கையெழுத்து கேட்டால், வக்கீலிடம் காட்டாமல் போடக்கூடாது.

கோர்ட் பக்கம்: கம்யூட், ரெமிஷன்

விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை மாவட்ட நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். சிவில் வழக்கு மனுவில் 'ரிலீஃப்' என்று இருந்தால் அது நிவாரண நிதி இல்லை. கோர்ட்டிடம் கேட்கும் பரிகாரம். இடைக்காலத் தடை கேட்பது 'இன்டரிம் ரிலீஃப்'.

தண்டனை விஷயத்தில், 'கம்யூட்' என்றால் ஒரு தண்டனையை அதைவிடக் குறைந்த வேறு தண்டனையாக மாற்றுவது. 'ரெமிஷன்' என்றால் தண்டனையின் வகை மாறாமல் காலம் மட்டும் குறைவது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பேரறிவாளனின் தூக்குத் தண்டனையை உச்ச நீதிமன்றம் 2014 பிப்ரவரி 18-ல் ஆயுளாகக் குறைத்தது. அது கம்யூடேஷன். அவர் விடுதலையானது 2022 மே 18-ல். இரண்டுக்கும் நடுவே 8 ஆண்டுகள்.

இதே குடும்பத்துச் சொல்தான் 'ரெமிட்'. இங்கே உஷாரா இருக்கணும். தண்டனையை ரெமிட் செய்தால் குறைப்பு. வங்கி நோட்டீஸில் 'ப்ளீஸ் ரெமிட் தி அமவுன்ட்' என்று வந்தால் 'பணத்தைக் கட்டுங்க' என்று அர்த்தம்!

பேசும்போது எதை எங்கே போடுவது?

இன்டர்வியூ, அலுவலகக் கடிதம், மாணவர்களின் கட்டுரை என்று தினசரி ஆங்கிலத்திலும் இந்தச் சொற்கள் காலை வாரும்.

ஈஸ்: வலி, நெருக்கடி, விதி கொஞ்சம் தளர்வது. டிராஃபிக் நெரிசல் குறைந்தாலும் 'ஈஸ்' ஆகும்.

ரிலீவ்: பாரத்தில் இருந்து விடுபடுவது. 'ஐ ஃபீல் ரிலீவ்டு' என்றால் மனசு லேசானது. மில்லில் 'ரிலீவிங் ஆர்டர்' கொடுத்தால், வேலையில் இருந்து விடுவித்துவிட்டார்கள் என்று அர்த்தம். 'ரிலீவ்டு' என்ற சொல்லுக்குப் பிறகு 'ஆஃப்' வந்தால், எதில் இருந்து விடுவித்தார்கள் என்பதைச் சேர்த்துச் சொல்வார்கள்.

அலீவியேட்: துன்பத்தைத் தணிப்பது, மூலகாரணம் இருக்கும். 'பாவர்ட்டி அலீவியேஷன்' என்பதைத் தமிழில் 'வறுமை ஒழிப்பு' என்றே எழுதிப் பழகிவிட்டோம். ஆங்கிலச் சொல் சொல்வது தணிப்பை மட்டும். ஒழிப்புக்கு 'எராடிகேஷன்' என்று தனிச் சொல் இருக்கிறது.

மிட்டிகேட்: பாதிப்பின் கடுமையைக் குறைப்பது. வெள்ளம், பருவநிலை மாற்றம், தண்டனை பற்றிய பேச்சில் வரும். இதற்குப் பிறகு 'அகெய்ன்ஸ்ட்' போடுவது பலரும் செய்யும் தவறு. 'மிட்டிகேட் தி ரிஸ்க்' என்றாலே போதும்.

வெய்வ்: உச்சரிப்பில் கையசைக்கும் 'வேவ்' போலவே இருக்கும். எழுத்தில் நடுவே ஒரு 'ஐ' கூடுதலாக வரும். கட்டண விலக்கு கேட்டுக் கடிதம் எழுதும்போது அந்த எழுத்தை விட்டால் அர்த்தமே மாறிவிடும்.

கன்செஷன்: விதியில் இருந்து விட்டுக்கொடுத்துத் தரும் சலுகை. மாணவர் பஸ் பாஸ், மாற்றுத்திறனாளிகளுக்கான ரயில் கட்டணம் போன்றவை.

நோட்டீஸ் வந்தால் என்ன செய்யணும்?

* 'தள்ளுபடி ஆயிடுச்சு' என்று யார் சொன்னாலும், எழுத்தில் எந்தச் சொல் இருக்கிறது என்று பாருங்கள். வெய்வர் என்றால், உங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று சங்கத்திலோ வங்கியிலோ கேளுங்கள்.
* மொரட்டோரியம், ரீஸ்ட்ரக்சரிங் என்றால் வட்டி எவ்வளவு கூடும், தவணை எத்தனை மாதம் நீளும் என்று எழுதி வாங்குங்கள்.
* செட்டில்மென்ட் என்றால் கடிதத்தில் தொகை, கடைசி தேதி, மீதித் தொகைக்கு இனி உரிமை கோர மாட்டோம் என்ற உறுதி மூன்றும் வேண்டும். முடிந்ததும் 'நோ ட்யூ' சான்றிதழ் கேளுங்கள்.
* 'கடனை வெய்வ் பண்ணித் தர்றோம், முதல்ல ப்ராசஸிங் கட்டணம் கட்டுங்க' என்று போன் வந்தால் கட்டாதீர்கள். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்.
* சட்ட உதவிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு.
* கோர்ட்டில் உள்ள வழக்கை மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாக முடித்தால், கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும். வங்கிக் கடன் வழக்குகளும் அங்கே பேசித் தீர்க்கப்படுகின்றன.

மொத்தத்தில், வெய்வர் என்றால் சுமை இறங்கியது. ரிலீஃப், ரிபேட் என்றால் நிபந்தனையோடு கொஞ்சம் குறைந்தது. சப்சிடி என்றால் அரசு சுமக்கிறது. மொரட்டோரியம் என்றால் சுமை கீழே இருக்கிறது, தூக்க வேண்டிய தேதி மட்டும் மாறியிருக்கிறது. ரைட்-ஆஃப் என்றால் வங்கியின் புத்தகத்தில்தான் மாற்றம், உங்கள் தலையில் இருப்பது அப்படியேதான் இருக்கும்.